பக்கத்து இருக்கையைத் திரும்பக் கொடுங்கள்: ட்ரைலர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, கரூர் வட்டாரங்களில் ட்ரைலர் வண்டி வைத்துத் தொழில் நடத்தும் உரிமையாளர்களுக்கும், உரிமையாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஹெவி லைசென்ஸ் எடுத்த கையோடு ட்ரைலர் ஓட்ட வரும் இளைஞரிடம் சாவியைக் கொடுத்துத் தனியாக வெளிமாநில நடைக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள் என்றும், மூன்று மாதமாவது அவரை அனுபவப்பட்ட ஓட்டுநர் ஒருவருக்குப் பக்கத்து இருக்கையில், உரிய படியோடும் காப்பீட்டோடும் உட்கார வையுங்கள் என்றும் கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நான் சங்ககிரி வட்டாரத்தைச் சேர்ந்தவன். கிளீனராக லாரியில் ஏறி, பத்துச் சக்கர வண்டி ஓட்டி, பிறகு நாற்பது அடி ட்ரைலருக்கு வந்தவன். இரும்புக் காயிலும் (சுருட்டிய தகட்டு உருளை) கம்பியும் தகடும் ஏற்றுகிற தட்டு ட்ரைலர்தான் இன்றும் என் பிழைப்பு. பக்கப் பலகையோ கூண்டோ இல்லாத அந்தத் தட்டின் மேல் சரக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதை வருடக்கணக்கில் பார்த்தவன் என்ற முறையிலும், அண்மைக் காலமாகப் புதிய தம்பிகள் சிலரை உடன் அழைத்துச் சென்று பழக்கி வருபவன் என்ற முறையிலும் உங்களிடம் பேசுகிறேன்.

சட்டம் கேட்பது என்ன என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் கேட்பவர் இலகுரக வாகன லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டது. படிப்பு வாய்க்காத பிள்ளைகளுக்கும் ஒரு கௌரவமான தொழில் கிடைக்கட்டும் என்ற அந்த எண்ணத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் தேர்வில் ஒருவர் ஓட்டிக் காட்டுவது பெரும்பாலும் பயிற்சிப் பள்ளியின் இரண்டு அச்சு லாரியை, அதுவும் காலி லாரியைத்தான். ஹார்ஸையும் (எஞ்சினும் கேபினும் உள்ள முன்வண்டி) ட்ரைலரையும் பூட்டிக் காட்டச் சொன்னார்கள், ட்ரைலரைப் பின்னுக்கு எடுத்துக் காட்டச் சொன்னார்கள், இருபது டன் காயிலைக் கட்டிக் காட்டச் சொன்னார்கள் என்று சொல்லும் ஒரு புதிய ஓட்டுநரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்ட பிறகு, ஆறு அச்சும் 22 டயரும் கொண்ட ட்ரைலர் வண்டி சரக்கோடு சேர்த்து 55 டன் வரை சாலையில் போகலாம். மைதானத்துக் காலி லாரியில் தேறியவரை அந்த 55 டன்னுக்குப் பழக்குவது யார் பொறுப்பு என்று கேட்டால், இன்று நம் வட்டாரத்தில் எல்லோரும் அடுத்தவர் முகத்தைத்தான் பார்க்கிறோம்.

முன்பு அந்தப் பாடத்தைக் கிளீனர் வேலை கற்றுக்கொடுத்தது. கிளீனராகச் சேர்ந்த பையன் முதல் ஓராண்டு ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே வண்டியைக் கற்றுக்கொண்டான். மேட்டில் நின்ற வண்டியின் சக்கரத்துக்குக் கல் போட்டான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரும்பு ராடால் டயரைத் தட்டி, ஓசையை வைத்தே காற்று இறங்கிய டயரைக் கண்டுபிடித்தான். கயிறு தளர்ந்ததா, தார்ப்பாய் கிழிந்ததா என்று வண்டியைச் சுற்றி வந்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று 'வரலாம், வரலாம்' என்று குரல் கொடுத்துக்கொண்டே, எவ்வளவு ஒடித்தால் பின்பக்கம் எங்கே போகும் என்பதைக் கண்ணால் அளந்து வைத்தான். அவன் ஓட்டுநராகும் நாளில் சாலை அவனுக்குப் புதிதாக இருக்கவில்லை. அந்த வாழ்க்கை இனிமையானது என்று சொல்ல வரவில்லை. சம்பளம் என்று ஒன்று இல்லாமல், அடியும் வசவும் வாங்கி, வண்டிக்கு அடியிலேயே படுத்து உறங்கிய சிறுவர்களை நான் அறிவேன். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் அவர்கள் ஜாக்கி தூக்கினார்கள். அந்தக் கொடுமை ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கொடுமையோடு சேர்த்துப் பாடத்தையும் தூக்கி எறிந்துவிட்டோம்.

தேசிய பெர்மிட் வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்பதும், மாற்று ஓட்டுநர் காலை நீட்டிப் படுத்து உறங்க இடம் இருக்க வேண்டும் என்பதும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90ஆவது விதியாக நெடுங்காலம் எழுத்தில் இருந்தவை. நடைமுறையில் பல வண்டிகளில் இரண்டாவது ஓட்டுநரின் பெயர் காகிதத்தில் மட்டுமே பயணம் செய்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2018இல் அந்த விதியும் தளர்த்தப்பட்டது. டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் ஏறிய வேகத்தில் வாடகை ஏறவில்லை என்பதையும், மாதத் தவணை கட்டவே திணறும் ஒற்றை வண்டி உரிமையாளர்கள் இரண்டாவது ஆளுக்குப் படி கொடுக்க முடியாமல்தான் அந்த இருக்கையைக் காலியாக விட்டார்கள் என்பதையும் நான் அறிவேன். ஆகவே பழி சொல்வதற்காக இதை எழுதவில்லை. காலியான இருக்கையால் என்ன இழந்தோம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே வேண்டுகிறேன்.

ட்ரைலர் என்பது நீளமான லாரி அன்று. இரண்டு வண்டிகள் ஓர் ஊசியில் பூட்டப்பட்டு ஓடுகின்றன. கிங்பின் என்ற அந்த ஊசி, ஹார்ஸில் உள்ள பூட்டின் தாடைக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு ட்ரைலர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சின்ன கியரில் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகே ட்ரைலரைத் தாங்கி நிற்கும் காலைத் தூக்க வேண்டும். சத்தம் கேட்டது, பூட்டிக்கொண்டது என்று நம்பிக் கிளம்பியவர்களின் ட்ரைலர் தொழிற்சாலை வாசலிலேயே மூக்குக் குத்தி விழுந்ததுண்டு. திருப்பத்தில் ஹார்ஸ் போன தடத்தில் ட்ரைலர் சக்கரம் போகாது. அது உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே இடது பக்கம் ஒடிக்கும் ஓட்டுநர், அந்த இடைவெளியில் நுழைந்து நிற்கும் டூவீலரை இடது கண்ணாடியில் பார்த்த பிறகே ஒடிக்க வேண்டும். ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் ட்ரைலரின் பின்பக்கம் இடப்பக்கம் போகும். இதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நிமிடம் போதும். கை பழகுவதற்கு வாரங்கள் ஆகும். மழை ஈரத்தில், காலி ட்ரைலரோடு திடீரென்று பிரேக் அடித்தால் ஹார்ஸ் ட்ரைலர் மீதே மடிந்துகொள்ளும். சரக்கு இருக்கும்போதுதான் ஆபத்து, காலி வண்டியில் என்ன இருக்கிறது என்று நினைக்கும் புதியவருக்கு இதைப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய பாடம் சரக்கில் இருக்கிறது. கன்டெய்னரோ டேங்கரோ ஓட்டுபவரின் சரக்கு நான்கு சுவருக்குள் இருக்கிறது. தட்டு ட்ரைலரில் சங்கிலியும் பெல்ட்டும் கட்டையும்தான் சுவர். அந்தச் சுவரை ஒவ்வொரு நடையிலும் ஓட்டுநரே எழுப்ப வேண்டும். அண்மையில் என்னுடன் வந்த தம்பி ராசிபுரம் பக்கத்தவர். இரண்டு அச்சு லாரியில் தேங்காய் லோடும் தீவன லோடும் ஓட்டியவர். கை சுத்தமானவர், கண்ணாடி பார்க்கத் தெரிந்தவர். பெல்லாரிச் சீமையில் ஓர் ஆலையில் கிரேன் எங்கள் தட்டில் காயிலை இறக்கிவிட்டுப் போனதும், அவர் அதைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன வெயிட்டுங்ணா, இது எங்கீங்ணா நகுரப் போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பார்ப்பவர் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். வண்டி அறுபதில் ஓடும்போது காயிலும் அறுபதில்தான் ஓடுகிறது, பிரேக் வண்டிக்கு மட்டும்தான் இருக்கிறது, காயிலுக்கு இல்லை என்று சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினேன். காயிலின் கண், அதாவது நடுத் துளை, பக்கவாட்டில் பார்த்தபடி உட்கார்ந்தால், அது உருளத் துடிப்பது முன்னும் பின்னும், அதாவது பிரேக் அடித்தால் கேபினை நோக்கி; கண் முன்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தால், அது உருளத் துடிப்பது வளைவில், பக்கவாட்டில். எந்தப் பக்கம் உருளும் என்று தெரிந்தால்தான் கட்டையை எங்கே முட்டுக் கொடுப்பது, சங்கிலியை எப்படிக் குறுக்கே இழுப்பது என்று தெரியும். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும், அதிலும் எண்ணெய்ப் பூச்சுள்ள காயில் இன்னும் வழுக்கும்; நடுவே ரப்பர் விரிப்பும் மரமும் வேண்டும். பெல்ட் போடுகிற இடத்தில் தகட்டின் விளிம்பு கத்தியாக இருக்கும்; அங்கே முனைக் காப்புக் கொடுக்காவிட்டால் குலுக்கலில் பெல்ட் அறுந்துவிடும்.

ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டி, அவரையே சங்கிலியைப் பார்க்கச் சொன்னேன். ஆலை வாசலில் விறைத்து நின்ற சங்கிலி இப்போது கைக்கு ஆடியது. சங்கிலியை இறுக்கும் பைண்டரை மாற்றிப் போட்டு இன்னும் இரண்டு கண்ணி இழுக்க வேண்டியிருந்தது. "நாமதானுங்ணா கட்டுனோம், அதுவா எப்பிடிங் லூசாச்சு?" என்றார். மரம் அமுங்கியிருக்கிறது, குலுக்கலில் காயில் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, வளைவிலும் பள்ளத்திலும் தட்டு முறுக்கிக்கொடுத்திருக்கிறது என்று விளக்கினேன். அதன் பிறகு சேலம் வரும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் சொல்லாமலேயே அவர் இறங்கிப் போய்ச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். இந்த ஒரு பழக்கம் வருவதற்கு அந்த ஒரு நிறுத்தம் தேவைப்பட்டது. தனியாக அனுப்பப்பட்டிருந்தால் அந்த நிறுத்தமே நடந்திருக்காது.

இதைப் பல நாடுகள் ஓட்டுநரின் அனுபவத்துக்கு விட்டுவிடாமல் விதியாகவே எழுதிவைத்திருக்கின்றன. அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர் புறப்பட்ட முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், இறங்கிக் கட்டுகளைச் சோதிக்க வேண்டும். அதன் பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையோ 150 மைலுக்கு ஒருமுறையோ, எது முதலில் வருகிறதோ அப்போது, மறுபடி சோதிக்க வேண்டும். கட்டப் பயன்படும் சங்கிலிகளும் பெல்ட்டுகளும் சேர்ந்து தாங்கும் பளு, சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. 2022 பிப்ரவரி முதல், அங்கே புதிதாகக் கனரக உரிமம் பெற வருபவர் பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் பாடமும் சாலைப் பயிற்சியும் முடித்த பிறகே தேர்வுக்கு உட்கார முடியும். நம் தட்டு ட்ரைலர் ஓட்டுநருக்கு இந்த அறிவு கிடைக்கும் ஒரே வழி மூத்தவரின் வாய்ச்சொல். மூத்தவரையும் புதியவரையும் வெவ்வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் அந்த வாய்ச்சொல்லும் நின்றுபோகிறது.

கம்பி லோடு பற்றியும் ஒரு வார்த்தை. கட்டடக் கம்பியின் வழக்கமான நீளம் 12 மீட்டர். நாற்பது அடித் தட்டில் அது அடங்கிவிடும். ஆனால் கட்டு தளர்ந்திருந்தால், பிரேக் அடித்த கணத்தில் கம்பிக் கற்றை முன்னுக்கு வழுக்கிக் கேபினைத் துளைத்துக்கொண்டு வரும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியால் எத்தனையோ பேர் இருட்டில் மோதி மாண்டதால்தான், 2014 மார்ச்சில் மத்திய அரசு விதியைத் திருத்தி, பின்னால் நீட்டி ஏற்றக் கொடுத்திருந்த அனுமதியை எடுத்துவிட்டது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வரம்பு மீறி வெளியே நீட்டிய சரக்குக்கு 20,000 ரூபாய் அபராதம். அளவுக்கு மேல் எடை ஏற்றினால் 20,000 ரூபாயும் அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும். ஏற்றுமிடத்தில் சூப்பர்வைசர் 'இன்னும் ஒரு கட்டுத்தானே' என்று வற்புறுத்தும்போது, முதல் நடை வந்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் எப்படி மறுப்பான்? பக்கத்தில் நரைத்த தலை ஒன்று இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

அடுத்தது இறக்கம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயை உங்களில் தெரியாதவர் இல்லை. 2020 டிசம்பரில் அங்கே லாரி ஒன்று அடுத்தடுத்துப் பல வாகனங்கள் மீது மோதி உயிர்கள் பறிபோனதையும், 2024 ஜனவரியில் மீண்டும் வாகனங்கள் மோதித் தீப்பற்றியதையும் நாம் மறக்கவில்லை. வடக்கேயிருந்து வரும் நம் வண்டிகளுக்கு அந்த இறக்கம் ஊரை எட்டப்போகும் கடைசிக் கட்டத்தில் வருகிறது. உடல் களைத்திருக்கும், மனம் வீட்டுக்குப் போய்விட்டிருக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவிடும் கெட்ட பழக்கத்தைப் புதியவர்கள் யாரிடமிருந்தோ கேட்டுக்கொண்டு வருகிறார்கள். டீசல் மிச்சம் காட்டினால் தனிப்படி என்று சில உரிமையாளர்கள் சொல்வதும் அதற்குத் தூண்டுகோலாகிவிடுகிறது என்பதை இங்கே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் நியூட்ரலில் உதவாது. எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பளுவும் பிரேக் டிரம்மின் மேல் விழும். டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழந்த பிறகு, பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும், பாதியில் மாற்றப் பார்க்கக் கூடாது என்பதைப் பலகையில் எழுதி வைக்கலாம். ஆனால் இரைச்சலோடு மெதுவாக இறங்கும் வண்டியைப் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்து விரட்டும்போது அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனத்திடத்தை, அப்படி உட்கார்ந்திருப்பவரைப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் பெற முடியும்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, செய்யத்தான் வேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு எட்டு மணி நேரம், நெடுந்தூர வண்டிக்கு அதிகம் போனால் பத்து மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. பின்னிரவு இரண்டு மணிக்கும் விடியலுக்கும் இடையே உடல் தானாகவே உறக்கத்தில் சாயும். அனுபவசாலி அந்த நேரத்தில் ஓரங்கட்டிப் படுத்துவிடுவார். ஜிபிஎஸ் திரையில் வண்டி நிற்பதைப் பார்த்ததும் ஆபீசிலிருந்து 'ஏன் நிக்குது?' என்று போன் வந்தால், 'தூங்கீட்டு எந்திரிச்சு வர்றனுங்க' என்று அவர் சொல்லிவிடுவார். புதியவரோ பதறிப்போய்ச் சாவியைத் திருகுவார். அந்தப் போன் மணி எத்தனை பேரை உறக்கக் கலக்கத்தில் சாலைக்கு அனுப்பியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

காகித வேலையும் இருக்கிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இ-வே பில்லின் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) காலம் முடிகிறதா என்று பார்ப்பது, ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது, இறக்குமிட வாசலில் வண்டி வந்த நேரத்தை எழுதி வாங்கி வைப்பது, நகரங்களின் நுழைவுத் தடை நேரத்தைத் தெரிந்துகொள்வது ஆகியவை ஒரு மாதத்தில் தானாகவே பழகிவிடும்.

இனி, நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். செலவு என்பீர்கள். புதியவருக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் படி என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு 54,000 ரூபாய் ஆகிறது. ட்ரைலர் டயர் இரண்டு மூன்றின் விலை அது. 22 டயர் ஓடும் வண்டியில், காற்று இறங்கியதைக் கவனிக்கத் தெரியாத ஒருவர் ஒரே வருடத்தில் அதைவிட அதிகமான டயரைக் கிழித்துவிடுவார். காயில் விழுந்த வண்டியின் நட்டத்தையும், கிரேன் கூலியையும், வழக்கு முடியும்வரை காவல் நிலைய வாசலில் வெயிலில் நிற்கும் வண்டிக்குக் கட்டும் தவணையையும் இதோடு நான் ஒப்பிடவே இல்லை. ஓர் உயிரை எந்தத் தொகையோடும் ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை.

கற்றுக்கொண்டு வேறு முதலாளியிடம் போய்விடுவான் என்பீர்கள். போகத்தான் செய்வார்கள், சிலர். ஆனால் எல்லோரும் பழக்கிவிட்டால், உங்களிடமிருந்து போனவருக்குப் பதிலாகப் பழகிய இன்னொருவர் உங்களிடம் வருவார். யாருமே பழக்காவிட்டால், பழகாத ஒருவரைத்தான் எல்லோரும் மாறி மாறி வாங்கிக்கொண்டிருப்போம். அதனால்தான் தனித்தனி உரிமையாளரிடம் கேட்காமல் வட்டாரத்துச் சங்கங்களிடம் இதைக் கேட்கிறேன். செலவில் ஒரு பகுதியைச் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். பயிற்சி முடித்தவருக்குச் சங்கமே ஒரு பதிவேடு வழங்கலாம். எந்தச் சரக்கு கட்டினார், எந்த இறக்கம் இறங்கினார், யார் பக்கத்தில் இருந்தார் என்பதை மூத்த ஓட்டுநர் கையெழுத்திட்டு அதில் எழுதித் தரலாம். அந்தப் பதிவேடு இல்லாதவருக்கு நம் வட்டாரத்தில் எவரும் தட்டு ட்ரைலரைத் தனியாகக் கொடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வந்தால் போதும்.

இளைஞர்களே வருவதில்லையே, பயிற்சிக்கு யாரை உட்கார வைப்பது என்பது மூன்றாவது மறுப்பு. உண்மைதான். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெருந்துறை சிப்காட்டுக்கும் கோயமுத்தூர் ஆபீஸ்களுக்கும் போகிறார்கள். லாரி டிரைவர் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். லாரிக்குப் பேர்போன மண்ணிலேயே இந்த நிலை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஆனால் அவர்கள் ஏன் வருவதில்லை? முதல் நடையிலேயே மொழி தெரியாத ஊரில் தனியாக மாட்டிக்கொண்டு, சரக்குக் குறைந்ததற்கும் அபராதத்துக்கும் தன் படியையே இழந்து, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் நல்ல ஓட்டுநராகியிருக்கக் கூடியவர்கள் இருந்தார்கள். துணையோடு தொடங்கியிருந்தால் அவர்கள் நின்றிருப்பார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் கனரக லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் கட்டாயமாகியிருக்கிறது. இருக்கை வசதியாகிக்கொண்டு வரும் நேரத்தில் அதில் உட்கார ஆளைத் தயார் செய்வது நம் கடமை.

செய்ய முடிவெடுத்தால் சிலவற்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பக்கத்து இருக்கையில் வருபவரின் பெயர் சம்பளப் பட்டியலிலும் காப்பீட்டுப் பாலிசியிலும் இருக்க வேண்டும். பணியாளர் என்ற கணக்கில் இல்லாமல் சும்மா ஏற்றிச் செல்லப்பட்டவருக்குச் சரக்கு வண்டி விபத்தில் இழப்பீடு கேட்பதே பெரும் சிக்கல். அவரைப் பாலிசியில் சேர்ப்பதற்கான கூடுதல் பிரீமியமோ மிகச் சிறிய தொகை. அவரைச் சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் வைத்துக்கொண்டு பழைய கிளீனர் கொடுமையைப் புதுப் பெயரில் கொண்டுவந்துவிடக் கூடாது. பயிற்சிக் காலத்தில் நேரும் சேதத்தை அவர் படியில் பிடிக்கக் கூடாது. கற்றுக்கொடுக்கும் மூத்த ஓட்டுநருக்கும் ஏதேனும் கூடுதல் படி வேண்டும். அவர் உறக்கத்தையும் பொறுமையையும் செலவழிக்கிறார். முதல் மாதம் காலி ட்ரைலர் மட்டும், இரண்டாம் மாதம் பகலில் நேர்ச் சாலையில் சரக்கோடு, மூன்றாம் மாதம் மட்டுமே இறக்கமும் இரவும் என்ற வரிசையை நான் கடைப்பிடிக்கிறேன்; அனுபவமுள்ளவர்கள் இதைவிட நல்ல வரிசை சொன்னால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். ரிவர்ஸ் பழகுவதற்கு ஒரு காலி மைதானம் வேண்டும். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி மையம் போன்ற இடங்களோடு சங்கங்கள் பேசி, வாரத்தில் ஒரு நாளாவது நம் பிள்ளைகளுக்கு இடம் கேட்டுப் பெறலாம். இயலாவிட்டால் பைபாஸை ஒட்டித் தரிசாகக் கிடக்கும் நிலத்தில் நான்கு டிரம்மை நட்டு வைத்தாலே போதும்.

என் முதலாளியிடம் இதைப் பற்றிப் பேசிவிட்டேன். அவர் சம்மதித்து, என் வண்டியில் ஒருவருக்குப் படி கொடுக்க முன்வந்திருக்கிறார். உங்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். மூத்த ஓட்டுநர்களில் கற்றுக்கொடுக்க விருப்பமுள்ளவர்கள் யார் யார் என்று முதலில் ஒரு பட்டியல் எடுங்கள். ஓட்டுநர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். நடையில் இல்லாத பட்சத்தில் நானும் வந்து, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சங்ககிரி வட்டாரத்து ட்ரைலர் ஓட்டுநர் ஒருவர்